மாமாவின் வேலுக்கு வெளிச்சம்: கார் வயரிங் டயகிராமைப் படித்து டேஷ்போர்டில் ஒரு விளக்கு சேர்ப்பது எப்படி?

டேஷ்போர்டில் ஒரு பித்தளை வேல். அதன் பின்னால் விரல் நீளத்துக்கு எல்இடி துண்டு. பார்க் லைட் போட்டால் வேலும் ஒளிரணும், அணைத்தால் அணையணும், மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்தால் இதுவும் கூடவே குறையணும். பெங்களூரு அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு மாமா கேட்டது இவ்வளவுதான். ராத்திரியில் ஓசூர் வழியாகப் பழனிக்கு வண்டி ஓட்டுகிறவர், அவருக்கு வழித்துணை வேண்டும்.

என்னிடம் வருவதற்கு முன் ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் போட்டுக்கொண்டு வந்தார். கடைப் பையன் ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டான். டெஸ்டரில் எரிந்த முதல் வயரைச் சீவி, எல்இடி வயரை அதில் முறுக்கி, டேப் சுற்றிவிட்டான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரு வாரம் வெயிலில் நின்றதில் டேப்பின் பசை இளகி, முறுக்கு விலகி, இரும்பு பிராக்கெட்டில் உரசியது. சில்க் போர்டு தாண்டும்போது பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர், "சார், ஹிந்தே லைட் இல்லா!" என்று கத்தினாராம். டெயில் லைட், மீட்டர் லைட் இரண்டும் ஒரே ஃப்யூஸில் போயிருந்தன.

பையன் தொட்டது தப்பான வயர் இல்லை. அந்த வயர் எங்கிருந்து வருகிறது, வேறு யாருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிறது என்று தெரியாமல் தொட்டதுதான் தப்பு. அதைச் சொல்வது டயகிராம் ஒன்றுதான். டெஸ்டர் "இங்கே கரண்ட் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும்.

வேலையைத் தொடங்குமுன்: சாமி எங்கே உட்காரும்?

வயரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இடத்தை முடிவு செய்யுங்கள். இந்தியாவில் 2021-லிருந்து முன் சீட் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். அது டேஷ்போர்டின் இடப்பக்கத் தட்டுக்கு அடியில் மடிந்து கிடக்கிறது. நம்மில் பாதிப் பேர் பிள்ளையாரை ஒட்டுவது சரியாக அந்த மூடியின் மேல்தான். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்தில் விரியும். அதன் மேல் ஒட்டிய பித்தளை வேல் எங்கே போய்ப் பாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூடி, அதன் விளிம்பு, தூண்களில் ஏர்பேக் என்று பொறித்த இடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நடுவில் ஆடியோவுக்கு மேலே வையுங்கள். வயரும் அங்கிருந்து பக்கம்.

ராத்திரியில் கண்ணாடியில் பிரதிபலிக்கிறதா என்றும் பாருங்கள். எல்இடியின் முகம் கண்ணாடியை நோக்கக் கூடாது, வேலின் முதுகை நோக்க வேண்டும்.

சரியான டயகிராமைக் கையில் எடுப்பது

வண்டியோடு வரும் ஓனர்ஸ் மேனுவலில் ஃப்யூஸ் பட்டியல் மட்டும்தான் இருக்கும். நமக்கு வேண்டியது சர்வீஸ் மேனுவலின் எலெக்ட்ரிக்கல் பகுதி. மாடல் வருடமும் வேரியன்ட்டும் பொருந்துகிறதா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அடிப்படை வேரியன்ட்டில் மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மரே இருக்காது, மேல் வேரியன்ட்டில் அதே வயர் வேறு கப்ளருக்கு (வயர்களைச் சொருகி இணைக்கும் கட்டைக்கு) போகும். வெளிநாட்டுப் படம் கிடைத்தால் அது இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கு வரைந்ததா என்று பாருங்கள். ஃப்யூஸ் பெட்டியும், எர்த் இடங்களும் (மைனஸ் வயரை வண்டியின் பாடியில் இணைக்கும் இடங்கள்) பக்கம் மாறிவிடும்.

மேனுவலில் இது மூன்று தனித்தனிப் பகுதியாக இருக்கும்: சர்க்யூட் படம், கப்ளர்களின் முகப் படம், ஹார்னஸ் (வயர்க் கட்டு) எங்கே ஓடுகிறது என்ற இடப் படம். மூன்றும் வேண்டும். சர்க்யூட் படத்தை மட்டும் பார்த்து வண்டியில் வயர் தேடினால் கிடைக்காது. ரயில்வே வரைபடத்தில் இரண்டு ஸ்டேஷன் அரை அங்குலத்தில் இருக்கும், தரையில் நாற்பது கிலோமீட்டர், அதுபோலத்தான். படம் சொல்வது கரண்ட் போகும் வரிசையை, தூரத்தை அல்ல.

படத்தின் எழுத்துகள்

படத்தில் பொதுவாக மேலே பேட்டரி பிளஸ், கீழே எர்த். கரண்ட் மேலிருந்து கீழே இறங்குவதாக வைத்துப் படியுங்கள். எல்லாமே ஓய்வு நிலையில் வரையப்பட்டிருக்கும்: சாவி இல்லை, சுவிட்ச் அணைந்தது, ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இழுக்கப்படாதது. இரண்டு கோடு சந்திக்கும் இடத்தில் கரும்புள்ளி இருந்தால்தான் ஜாயிண்ட். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று தாண்டிப் போகிறது, அவ்வளவே. ஒரு பொருளைச் சுற்றி விட்டுவிட்டு வரைந்த கோட்டால் கட்டம் இருந்தால், அதன் ஒரு பகுதியை மட்டும் இந்தப் பக்கத்தில் காட்டியிருக்கிறார்கள், மீதி வேறு பக்கத்தில்.

ஜெர்மன் வழக்கப்படி வரையும் வண்டிகளில் எண்களைப் பழகிக்கொள்ளுங்கள். 30 என்றால் எப்போதும் இருக்கும் பேட்டரி பிளஸ். 15, சாவி ஆன் செய்தால் வருவது. 31 எர்த். 58 பார்க் லைட் வழி, 58டி டிம்மர் வழியாக வரும் டேஷ்போர்டு வெளிச்சம். நமக்கு வேண்டியது இந்தக் கடைசி இரண்டும்தான். ரிலேயின் வயிற்றில் பார்க்கும் 85, 86 (காயில்), 30, 87 (கான்டாக்ட்) இதே குடும்பம்.

நிற எழுத்துகளில்தான் கண் ஏமாறும். ஜப்பான் வழக்கத்தில் 'பி' கறுப்பு, ஆகவே நீலத்துக்கு 'எல்'. சாய்கோடு போட்டிருந்தால் முதல் எழுத்து வயரின் உடல் நிறம், இரண்டாவது அதன் மேல் ஓடும் கோடு. 'ஜி/ஆர்' என்றால் பச்சை வயரில் சிவப்புக் கோடு. சாய்கோடு இல்லாமல் 'ஜிஆர்' என்றால் சாம்பல். ஜெராக்ஸ் மங்கலாக இருந்தால் அந்தச் சாய்கோடு காணாமல் போகும். நிறத்துக்குப் பக்கத்தில் 0.5 அல்லது 0.85 என்று இருப்பது வயரின் பருமன், சதுர மில்லிமீட்டரில்.

"கறுப்பு என்றால் எர்த்" என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வார். ஜப்பான் வழி வண்டிகளில் பெரும்பாலும் சரி. ஜெர்மன் வழக்கத்தில் எர்த் பழுப்பு நிறம். நிறத்தை நம்பி வெட்டாதீர்கள். நிறம், கப்ளர் எண், பின் எண் மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் நம்புங்கள்.

விரலை வைத்து ஓட்டுங்கள்

படத்தை பெரிய தாளில் அச்செடுத்து, மஞ்சள் ஹைலைட்டரால் ஒரே ஒரு பாதையை மட்டும் தீட்டுங்கள். மாமாவின் வண்டியில் அது இப்படி இறங்கியது: பேட்டரி, பெரிய ஃப்யூஸ், டெயில் என்று எழுதிய சின்ன ஃப்யூஸ், ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் லைட் சுவிட்ச், அதிலிருந்து ஒரு கரும்புள்ளி. புள்ளியில் பாதை மூன்றாகப் பிரிகிறது: முன் பார்க் லைட்டுகள், டெயில் லைட்டுகள், டேஷ்போர்டு வெளிச்சம்.

இங்கே நிறுத்திப் பாருங்கள். ஃப்யூஸ் முதலில், சுவிட்ச் பிறகு. அப்படியானால் டெயில் என்று பெயர் போட்ட அந்த ஃப்யூஸில் இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட் இருக்கிறது. பெயரைப் பார்த்து அதில் ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் குழியில் சொருகி, தனி ஃப்யூஸோடு இன்னொரு வயர் எடுக்கும் அடாப்டர்) சொருகினால் பகலிலும் விளக்கு எரியும், வண்டியைப் பூட்டிவிட்டுப் போனாலும் எரியும். வேறு சில வண்டிகளில் சுவிட்சோ ரிலேயோ முதலில் வரும், ஃப்யூஸ் பிறகு வரும்; அங்கே அதே ஃப்யூஸ் லைட் போட்டால் மட்டும் உயிர்பெறும். பெட்டியின் மூடியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் எழுதியிருக்கும். டயகிராம் படிக்க எனக்கு வேறு காரணமே வேண்டாம், இது ஒன்று போதும்.

ஆகவே நமக்கு வேண்டியது சுவிட்சுக்குக் கீழே, கரும்புள்ளிக்கு அப்பால். அந்த வழி ஆடியோ, ஏசி கன்ட்ரோல், ஹஜார்டு சுவிட்ச் எல்லாவற்றின் முதுகுக்கும் போகிறது. கழற்றச் சுலபமானது ஆடியோ.

கப்ளரை எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள்?

இதில் நானே வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேனுவலில் கப்ளரின் முகத்தை வரைந்து பின் எண் போட்டிருப்பார்கள். அது வயர் நுழையும் பக்கத்திலிருந்து பார்த்த படமா, பின் தெரியும் பக்கத்திலிருந்து பார்த்த படமா என்பது பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். மாற்றிப் பிடித்தால் எல்லாமே கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாறும். கடைசியிலிருந்து இரண்டாவது பின் என்று நான் எண்ணியது உண்மையில் முதலிலிருந்து இரண்டாவது. நினைத்தது வெளிச்ச வயர், தொட்டது ரேடியோவின் நினைவுக்காக எப்போதும் கரண்ட் வரும் வயர்.

வேல் ராத்திரி பகலாக எரிந்தது. மாமாவுக்கோ ஒரே சந்தோஷம். "அணையா விளக்குப்பா! அப்படியே விட்டுடு" என்றார். கணக்கு போட்டுக் காட்டினேன்: எல்இடி துண்டு 20 மில்லிஆம்பியர் இழுக்கிறது, ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-அவர். வண்டியை இரண்டு வாரம் நிறுத்திவைத்தால் ஏறக்குறைய 7. அவருடைய 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு, வண்டி தனக்கென்று இழுப்பது போக. மனசில்லாமல் ஒத்துக்கொண்டார்.

கப்ளரின் பூட்டு நாக்கு எந்தப் பக்கம் என்பதைப் படத்திலும் கையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணிய பின்னில் படம் சொல்லும் நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். வெளி ஆடியோ மாட்டிய வண்டியில் ஐஎஸ்ஓ கப்ளர் (பொது அளவில் செய்த ஆடியோ கட்டை) இருந்தால் வேலை சுலபம்: மின்சாரக் கட்டையில் 4 எப்போதும் பிளஸ், 6 வெளிச்சம், 7 சாவி பிளஸ், 8 எர்த். சில ஐரோப்பிய வண்டிகளில் 4-ம் 7-ம் இடம் மாறியிருக்கும்.

கை வைக்குமுன்

பூட்டி நிற்கும் வண்டி தனக்கென்று எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று முதலிலேயே அளந்து எழுதிவையுங்கள், அளக்கும் விதம் கடைசியில் இருக்கிறது. பேனலைக் கழற்றும்போது பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள். ஏர்பேக் அமைப்பில் மிச்சக் கரண்ட் தங்கும். நான் பத்து நிமிடம் காப்பி குடித்துவிட்டுத்தான் தொடுவேன். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் அளக்காதீர்கள், டெஸ்டர் வைக்காதீர்கள். ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும் ஜோடி வயர்களையும் விட்டுவிடுங்கள். அவை வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வழி.

பல்பு போட்ட பழைய டெஸ்ட் லேம்பைப் புது வண்டிகளில் வைக்காதீர்கள். 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுக்கும். எலெக்ட்ரானிக் பெட்டியிலிருந்து வரும் மெல்லிய வழிக்கு அது அதிகம். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

மீட்டரால் மூன்று அளவு

அளப்பதற்கு மட்டும் பேட்டரியை மறுபடி இணையுங்கள். கப்ளரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய முனையை நுழைத்து, நீங்கள் கண்டுபிடித்த வயருக்கும் பாடிக்கும் நடுவே அளங்கள். லைட் அணைந்திருக்கும்போது பூஜ்யம், பார்க் லைட் போட்டதும் 12-க்கு மேல். இது முதல் அளவு.

இரண்டாவது, டிம்மரை உருட்டிக்கொண்டே அளப்பது. இதில் மூன்று விதமான பதில் வரலாம், மூன்றுக்கும் வேலை வேறு.

எண் அசையாமல் 12-லேயே நின்றால், டிம்மர் எர்த் பக்கம் இருக்கிறது. ஜப்பான் வழி வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். பல்புகளின் மைனஸ் நேராகப் பாடிக்குப் போகாமல் டிம்மர் வழியாகப் போகும். படத்தில் இல்லுமினேஷன் பிளஸ், இல்லுமினேஷன் மைனஸ் என்று இரண்டு கோடாகத் தெரியும். எல்இடியை இந்த இரண்டுக்கும் நடுவே போட்டால் மங்கும். பிளஸுக்கும் பாடிக்கும் நடுவே போட்டால் மங்காது. கடைகளில் போட்ட விளக்கு டிம்மருக்கு அசையாமல் கண்ணைக் குத்துவதற்கு இதுதான் காரணம்.

எண் மெதுவாக இறங்கி ஏறினால் டிம்மர் பிளஸ் பக்கத்தில். எர்த் நேராகப் பாடிக்கே.

எண் இறங்குகிறது, கூடவே மீட்டரை ஃப்ரீக்வென்ஸியில் வைத்தால் ஏதோ எண் காட்டுகிறது என்றால், வண்டி கரண்டை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து வெளிச்சத்தைக் குறைக்கிறது. 20 மில்லிஆம்பியர் எல்இடி இதிலும் ஓடும். ரிலேயை மட்டும் இந்த வயரில் மாட்டாதீர்கள், கடகடவென்று துடிக்கும். ரிலே தேவைப்படும் பெரிய வேலைக்கு, டிம்மருக்கு முன்னால் இருக்கும் பார்க் லைட் வழியைத் தேடுங்கள்.

மூன்றாவது, எர்த். அருகிலுள்ள எர்த் போல்ட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே, லைட்டெல்லாம் எரியும்போது 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பெயின்ட் மேல் திருகிய ஸ்க்ரூ எர்த் ஆகாது.

எல்இடி கணக்கு

12 வோல்ட் எல்இடி பட்டியில் மூன்று மூன்றாக வெட்டும் குறி இருக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 60 எல்இடி, 4.8 வாட் உள்ள பட்டியில் ஒரு துண்டு 5 செ.மீ., 20 மில்லிஆம்பியர். ஒரு வேலுக்குத் தாராளம். மூன்றும் தொடராக இருப்பதால் 8 வோல்ட் பக்கம் வந்ததுமே அணைந்துவிடும். டிம்மரின் கடைசிக் கால்பங்கில் இருட்டு. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

ஆகவே ஒற்றை எல்இடிக்கு மாறினேன். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட். வெள்ளை எல்இடி தனக்கு 3.2 எடுத்துக்கொள்ளும். மீதி 11.2. ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் போட்டால் 11 மில்லிஆம்பியர். ரெசிஸ்டரில் சூடு 0.13 வாட், கால் வாட் தாங்கும், நான் அரை வாட் போடுவேன். வெயிலில் நிற்கும் டேஷ்போர்டு அது. டிம்மர் கீழே போகப் போக வேல் அகல்விளக்கு மாதிரி மெல்ல அடங்குகிறது.

இணைப்பது

பேட்டரி மைனஸை மறுபடி எடுங்கள். வயரைக் கடித்து உள்ளே போகும் டி கிளிப் எனக்குப் பிடிக்காது, 0.5 வயரில் அது பாதி இழையை வெட்டிவிடும். ஒரிஜினல் ஹார்னஸைத் தொடாமல், ஆடியோ கப்ளருக்கும் செட்டுக்கும் நடுவே ஒரு அடாப்டர் ஹார்னஸ் வாங்கி, அதன் வெளிச்ச வயரில் கிரிம்ப் (நசுக்கி இறுக்கும்) ஜாயிண்ட் போட்டு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது கழற்றினால் தடமே இருக்காது. ஜாயிண்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இன்லைன் ஃப்யூஸ்: 2 ஆம்பியர் சாம்பல் அல்லது 3 ஆம்பியர் ஊதா. எல்இடிக்கு இது அதிகம்தான். ஆனால் ஃப்யூஸ் காப்பது எல்இடியை அல்ல, வயரை. மேலே பிவிசி டேப்புக்குப் பதில் துணி டேப் சுற்றுங்கள், இளகாது, கடகடக்காது.

டிம்மர் வேண்டாம், லைட் போட்டால் எரிந்தால் போதும், உங்கள் வண்டியில் ஃப்யூஸ் சுவிட்சுக்குப் பிறகு இருக்கிறது என்றால் ஃப்யூஸ் டேப் போதும். அதற்குத் திசை உண்டு. பழைய ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு லைட்டைப் போட்டு, குழியின் எந்தக் கால் லைவ் என்று பாருங்கள். டேப்பில் இரண்டு ஃப்யூஸுக்கும் பொதுவான கால், பெரும்பாலும் புது வயருக்கு எதிர்ப்பக்கத்துக் கால், அந்த லைவ் பக்கம் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டாலும் எரியும், ஆனால் உங்கள் விளக்கின் சுமையும் பழைய ஃப்யூஸ் மேல் ஏறும். சரிபார்க்க ஒரு சுலப வழி: ஃப்யூஸ் டேப்பில் பழைய ஃப்யூஸைப் போடாமல் புது ஃப்யூஸை மட்டும் போடுங்கள். வேல் ஒளிர்ந்தால் திசை சரி.

மூடுமுன்

பேனலை அழுத்தி மூடாதீர்கள். முதலில் பார்க் லைட், ஹெட்லைட், டிம்மர், ஹார்ன், ஹஜார்டு, ரிவர்ஸ் லைட் என்று எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, புது வயர் எதிலும் சிக்கவில்லை என்று பாருங்கள். பிறகு பேட்டரி மைனஸில் மீட்டரைத் தொடராகப் போட்டு, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் தூங்கவிட்டு அளங்கள். வேலைக்கு முன்னால் அளந்த எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். மாமாவின் வண்டியில் இரண்டு முறையும் 22 மில்லிஆம்பியர். 50-க்கு மேல் போனால் எங்கேயோ தப்பு.

கடைசியாக, ஹைலைட்டர் தீட்டிய அந்தத் தாளில் நீங்கள் சேர்த்த வயரைச் சிவப்புப் பேனாவால் வரையுங்கள்: எந்தக் கப்ளர், எந்தப் பின், என்ன நிற வயர், ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர், எங்கே ஒளிந்திருக்கிறது. மடித்து ஆர்.சி. நகலோடு குளோவ் பாக்ஸில் போடுங்கள். மாமாவின் தாளில் எல்இடி குறிக்குப் பக்கத்தில் அவரே ஒரு வேல் வரைந்து, மேலே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார்.